கண்ணாடியில் ஒட்டிய கடை

ஜனவரி 9

ஆண்டவன் துணை.

அன்புத் தம்பிக்கு,

நேற்றுக் காலை நம் கடை வாசலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான் கூட்டியோ குறைத்தோ சொன்னேன் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது. நகரசபையிலிருந்து ஏணியோடு வந்த இரண்டு ஆட்கள். அவர்களுக்கு மேலாக வந்த, கழுத்தில் அட்டை தொங்கிய பெண். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். கடையை வாடகைக்குக் கேட்டிருக்கும் பிசியோதெரபிப் பெண், கையில் அளவு நாடாவோடு. மாடிப்படியில் நான். ஆக ஆறு பேர். வேலை முடிந்தபோது ஏழு பேராகிவிட்டோம். ஏழாவது ஆள் உன் அத்தான்.

கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்து, சுருட்டி வந்த படத்தை விரித்து, ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்துத் தேய்த்தார்கள். முதலில் கல்லாமேசையின் கால் வந்தது. பிறகு பட்டன் டப்பா அடுக்கு, நூல்கண்டு வரிசை, ஜிப் தொங்கும் கம்பி. நம் கடையேதான் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசித் துண்டை மேலே ஒட்டினார்கள். அதில் முகம்.

செருப்புக் கடைக்காரர் தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

அட்டைப் பெண் என்னிடம், "நல்லா வந்திருக்குல்லம்மா? யாரோ பழைய கடைக்காரர் போல" என்றாள்.

"என் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆச்சு."

"அப்படியா!" என்று ஒரு நிமிடம் படத்தையே பார்த்தாள். "உயிரோட இருக்கற மாதிரியே இருக்காரும்மா" என்றாள். பாவம், ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

படம் எல்லா ஊர் நகரசபைகளுக்கும் மேலான தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததாம். அந்த அலுவலகத்தில் நீ இருக்கிறாய். அந்தப் படத்தை எடுத்ததும் நீ. சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. "பட்டன் கடைக்காரன் பட்டன் இல்லாம நிக்கறதைப் படம் புடிக்கிறியேடா" என்று அவர் உன்னைத் திட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அது ஆள் உயரத்துக்கு ஊரே பார்க்க நிற்கிறது.

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். பிசியோதெரபிப் பெண்ணுக்குக் கடையை விட அனுமதி கேட்டபோது, "அக்காங்கிறதுக்காக விதியை வளைக்க முடியாது" என்று போன வருடம் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். விதியை வளைக்க வேண்டாம். படத்தை எடுக்கச் சொல். போய்ச் சேர்ந்தவரை மறுபடி கடையில் நிற்கவைக்கக் கூடாது. அவர் உழைத்தது போதும்.

அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தைக் கொடுத்தது நான்தான். காலிக் கடைகளுக்குப் படம் ஒட்டி, அந்தி சாய்ந்ததும் தானாக எரியும் விளக்கு போடுகிற யோசனையும் என்னுடையதே. மற்ற தெருக்களில் விலைக்கு வாங்கிய படங்களை ஒட்டினோம். சிரிக்கிற ரொட்டிக் கடைக்காரர், வாடாத பூக்கள், அந்த மாதிரி. உங்கள் தெருவின் பட்டியல் மேசைக்கு வந்தபோது, நம் கடைக்குள் முன்பின் தெரியாத ஒருவனை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

விதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதன்மைக் கடைத்தெருவில் தரைத்தளம் கடைகளுக்கு மட்டும். அலுவலகம், மருத்துவ அறை, இதர சேவைகள் எல்லாம் மாடியிலோ பக்கத் தெருவிலோ. இதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஏன் எழுதினேன் தெரியுமா? நான் முதலில் வேலை பார்த்த ஊரின் கடைத்தெருவில் ஒரு வங்கி வந்தது. பிறகு காப்பீட்டு அலுவலகம், வக்கீல், பல் டாக்டர். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு, சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனார்கள். நடுவில் ஒரு பழக்கடை மட்டும் விளக்கோடு இருந்தது. அந்தத் தெருவில் நடக்கப் பெண்கள் பயந்தார்கள். அப்புறம் பழக்கடையும் போயிற்று. தெருவைக் கொன்றது யார் என்று கேட்டால் யாருமே இல்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு அனுமதிதான் கேட்டிருந்தார்கள்.

உனக்கு வழி இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த இரண்டு கணக்கெடுப்பில் காலி என்று பதிவான கடைக்கு விலக்கு உண்டு. நீ கடையை மூடிய பிறகு நடந்த முதல் கணக்கெடுப்பு ஜூலையில். அதில் நம் கடை காலி. இந்த மாதக் கணக்கெடுப்பிலும் காலி என்று விழுந்துவிட்டால், பிசியோதெரபிக்கு அனுமதி தானாக வரும். என் சிபாரிசு உனக்கு வேண்டியதில்லை, உன் கோபமும் எனக்கு வேண்டியதில்லை.

படத்தைப் பற்றிப் பேசிப் பார்க்கிறேன். அது தெரு அழகுப் பிரிவின் கையில் இருக்கிறது. ஒன்று கேட்கலாமா? நன்றாக இருக்கிறாரா?

தம்பி

பிப்ரவரி 6

ஆண்டவன் துணை.

அன்புத் தம்பிக்கு,

நன்றாக இருக்கிறாரா என்று கேட்டாய். எழுதுகிறேன், கேள்.

போன வாரம் ஒரு அம்மா வந்து கண்ணாடி முன்னால் நின்றார். கையில் ஒரு கோட்டு. பட்டன் போன இடத்தைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பார்வை மங்கல் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். அப்புறம் மாடிப்படி மணியை அடித்தார்.

"ஏம்மா, உள்ளேயே நின்னுக்கிட்டு கதவத் தொறக்க மாட்டேங்கறாரே. என் மேல ஏதாவது கோவமா?"

"இல்லீங்க. அவர் இல்ல."

"இருக்காரேம்மா! என்னைத்தானே பாக்கறார்!"

அந்த அம்மாவைக் கீழே கூட்டிப்போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். தொட்டதும் கையை உதறிக்கொண்டார். கோட்டைக்கூட மறந்துவிட்டு நடந்தார். நான்தான் பின்னால் ஓடிக் கொடுத்தேன்.

உள்ளே பெருக்கப் போனால் அதைவிட மோசம். வெயில் படத்தின் வழியாக வருகிறது. உள்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவர் முகம்தான். ஆனால் வலது இடது மாறிய முகம். வகிடு தப்பான பக்கம் இருக்கிறது. முப்பது வருடம் பார்த்த முகத்தை, இது அவர் இல்லை, அவர் போல யாரோ என்று நினைத்துப் பயந்தேன். வெளியே போய்ப் பார்த்தால் அவரேதான். இந்தப் பக்கம் வேறு ஆள், அந்தப் பக்கம் அவர். இப்போது பின்படி வழியாகத்தான் போய்வருகிறேன்.

அந்தி வந்தால் விளக்கு தானாக எரிகிறது. போடவும் அணைக்கவும் யாரும் இல்லை. நான் மாடியில் உட்கார்ந்து இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்வேன். அவர் பெயர் வர வேண்டிய இடம் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. கீழே விளக்கு எரியும்போது எப்படிச் சொல்வது? இருக்கிறவர்களுக்கான பிரார்த்தனையில் சேர்க்கவும் முடியவில்லை. தம்பி, அவரை எதில் சேர்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். நேற்று நகரசபைப் பதில் வந்தது. பிசியோதெரபிக்கு அனுமதி இல்லை. காரணம் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "ஜனவரிக் கணக்கெடுப்பின்படி மேற்படி கடை நல்ல முறையில் இயங்கி வருகிறது." மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆலோசனை வேறு. முழங்கால் போனவர்கள் படி ஏறி வந்து முழங்காலைக் காட்ட வேண்டுமாம்.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இயங்குதுன்னா யாரும்மா நடத்தறாங்க?" என்றாள்.

வாடகை வராவிட்டால் இந்த வீட்டை என்னால் வைத்திருக்க முடியாது. உனக்குத் தெரியும். கத்தியை எடுத்துக்கொண்டு படத்தைச் சுரண்டப் போனேன். அவர் கழுத்துக்கு நேராகக் கத்தியை வைக்க வேண்டியிருந்தது. வந்துவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கணக்கெடுப்புப் பிரிவுக்குப் போனேன். இரண்டு மாடிதான் கீழே. இத்தனை வருடத்தில் நான் அங்கே போனதே இல்லை.

தெருக்களை வண்டியில் போய்க்கொண்டே பார்க்கிறார்கள். அதுவும் சாயங்காலத்தில். விளக்கு எரிந்து, உள்ளே சரக்கும் ஆளும் தெரிந்தால் "இயங்குகிறது". இருட்டாக இருந்தால் "காலி". உங்கள் தெருவுக்குப் போய்வந்த இளைஞனிடம் நம் கடையைச் சொன்னேன். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. "கல்லாவுல ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார் சார். எங்க வண்டியையே பாத்தார்" என்றான். அது படம் என்றேன். நம்பவில்லை. எந்தக் கடைகளில் படம் ஒட்டியிருக்கிறது என்ற பட்டியல் தெரு அழகுப் பிரிவில் இருக்கிறது. அதை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அக்கா.

அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் போகாமல் இங்குள்ள கடைத்தெரு வழியாக நடந்தேன். அந்தி நேரம். இரண்டு பக்கமும் வெளிச்சம். நானே மெச்சிக்கொள்ளும் தெரு. ஒரு கடைக்குள் குடைகள் விரித்து வைத்திருந்தார்கள். நீ கேட்டிருந்த சின்னக் குடை மாதிரி ஒன்று தெரிந்தது. கதவைத் தள்ளினேன். கதவு வரவில்லை. கைப்பிடியைப் பிடிக்கப் போனேன், கை கண்ணாடியில் வழுக்கியது. கைப்பிடியும் படம்.

அடுத்த கடைக்குப் போய்த் தட்டினேன். படம். அதற்கடுத்தது திறந்தது, உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே முறைத்துப் பார்த்திருக்கிறேன் போல. "என்ன சார், பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க?" என்றாள். "நீங்க நிஜமா?" என்று கேட்டுவிட்டேன். சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்ல சார். இந்த வரிசையில நான் ஒருத்திதான் மூச்சு விடறேன். ஜனங்க என் கதவையும் தள்றதில்ல, இதுவும் படம்னு நெனச்சுக்கறாங்க" என்றாள்.

காலிக் கடைகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று போன மாதம்தான் அறிவித்தோம். அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. உன் கடையைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொடுப்பேன்.

தம்பி

மார்ச் 3

ஆண்டவன் துணை.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

எழுதிக் கொடு. ஆனால் எனக்காக என்று எழுதாதே. "அக்கா கடை" என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கடைக்காரப் பெண் சொன்னதை எழுது. இருக்கிற கதவையும் ஜனங்கள் தள்ளுவதில்லை என்றாளே, அது போதும். உன் விதியில் உள்ள நியாயத்தையும் நான் இல்லை என்று சொல்லவில்லை. தெரு இருட்டாகக் கூடாது என்கிறாய். சரி. பிசியோதெரபிப் பெண் திரையே போட மாட்டாளாம். "நொண்டி வந்தவங்க நடந்து போறத ஊரே பாக்கட்டும்மா. அதவிட விளம்பரம் எதுக்கு?" என்கிறாள். அவள் மார்ச் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னாள். வட்டச் சாலைப் பக்கம் வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறாள். நோயாளிகள் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும்.

இங்கே செருப்புக் கடைக்காரரும் மூடப் போகிறார். "எனக்கும் ஒரு நல்ல போட்டோ எடுத்து வச்சுக்கணும். எப்படியும் ஒட்டுவானுங்க. சிரிக்கிற மாதிரி எடுக்கவா, கறாரா எடுக்கவா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். மறுநாள் உண்மையாகவே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். கறாராகத்தான் இருந்தது.

நீ வந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடு. ஒட்டச் சொன்னவன் நீ. உன் கையால் எடுத்தால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அறிக்கையைக் கொடுத்தேன். கூட்டம் போட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதியா குறைஞ்சிருச்சுன்னு நாமதான் சொன்னோம். இப்ப போய், இல்ல, அது வெறும் படம்னு சொல்லணுமா?" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, "தெரு உயிரோட இருக்கற மாதிரி தெரியுதா, இல்லையா? ஜனங்க கேக்கறது அதைத்தானே?" என்றார். அப்போது மேசையின் கடைசியிலிருந்து ஒருவர், "கீழ நல்லா இருக்கு சார். மாடி ஜன்னல் எல்லாம்தான் இருட்டா இருக்கு. அங்கயும் ஆள் படம் ஒட்டலாமே" என்றார். கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். மாடிகளுக்கும் படம் ஒட்டும் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

என்னைப் பெயர்ப்பலகைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கடைப் பெயரின் எழுத்து எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று பார்ப்பதுதான் இனி வேலை.

ஒன்றே ஒன்று கிடைத்தது. படத்தை எடுத்துவிட்டுத் தெரிவித்தால், அந்த நாளிலிருந்து கடை காலி என்று புதிதாகக் கணக்கு தொடங்கும். இரண்டு கணக்கெடுப்பு தாண்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம். அந்தப் பெண் பொறுப்பாளா?

நான் வந்து எடுக்க வேண்டும் என்றாய். பயணச்சீட்டு வாங்கினேன். ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிட்டேன். வாசலில் நின்று அத்தான் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. என்னை இரக்கமில்லாதவன் என்று நினைத்துக்கொள். கோழை என்றும் சேர்த்துக்கொள். வேண்டுமானால் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து என்னோடு இரு.

தம்பி

ஏப்ரல் 27

ஆண்டவன் துணை.

அன்புத் தம்பிக்கு,

படத்தை எடுத்தாயிற்று. பிசியோதெரபிப் பெண் எடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளே வந்தாள். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கண்ணாடிமேல் வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, உள்ளங்கையால் மெல்ல மெல்லத் தள்ளினாள். "கத்தி எல்லாம் எதுக்கும்மா? வலிக்காம எடுக்கறதுதானே என் தொழிலு" என்றாள். முகம் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். வெந்நீர்ச் சூடு இன்னும் அதில் இருந்தது. அன்று பிரார்த்தனையில் அவர் பெயரை, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேன். பிறகு தூங்கினேன்.

அவள் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொல்கிறாள். அதுவரை வீடு வீடாகப் போய் வைத்தியம் செய்வாளாம். பின்கட்டு அறையை அவளுக்குக் குடியிருக்கக் கொடுக்கிறேன். அந்த வாடகையில் ஒரு வருடம் தள்ளிவிடலாம். ஆகவே நான் உன்னிடம் வரவில்லை. கூப்பிட்டதே போதும், மனது குளிர்ந்தது. கோழை என்று நீ எழுதியதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மாடிக்கு அளவெடுக்க ஆள் வந்தான். கதவைத் திறந்த என்னைப் பார்த்துத் திகைத்தான்.

"மேல யாரும் இல்லைன்னுதானே போட்டிருக்கு. சரக்கு வைக்கிற எடம்னு."

அவர் காலத்தில் மாடியைக் கடைச் சரக்கறை என்று பதிந்திருக்கிறார். மின்சாரச் சீட்டும் கடைப் பெயரில்தான் வருகிறது. நான் குடிவந்த பிறகு அதைப் போய் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"நான் இருக்கேனே தம்பி" என்றேன்.

"நீங்க இருக்கீங்கம்மா. பட்டியல்ல இல்லையே."

மரியாதையான பையன். ஜன்னலை அளக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றான். நான் நகர்ந்தேன். என் வீட்டில், என் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தவள், அவன் சொன்னதும் பேசாமல் நகர்ந்துவிட்டேன். இரவெல்லாம் அதுதான் உறுத்தியது.

ஒட்டப் போகிற படத்தின் மாதிரியையும் காட்டினான். திரைச்சீலை, ஒரு விளக்கு, ஜன்னலோரம் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். நன்றாகத்தான் இருந்தது. என்னைவிட வயது குறைவு. அவளை ஒட்டிவிட்டால் எனக்கு வெளிச்சமும் வராது, தெருவும் தெரியாது. அதைவிட, ஜூலையில் கணக்கெடுக்க வருகிறவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். கடைச் சரக்கறையில் ஆள் இருக்கிறாள், கடை நடக்கிறது என்று மறுபடி எழுதிவிட்டுப் போவார்கள்.

ஆட்சேபம் எழுதித் தருகிறேன் என்றேன். பட்டியலில் இல்லாதவர் ஆட்சேபிக்க முடியாதாம். இன்னார் இங்கே குடியிருக்கிறார் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். நீ இங்கே வர வேண்டாம். எதையும் பார்க்கவும் வேண்டாம். உன் அக்கா உயிரோடு இருக்கிறாள், இந்த மாடியில்தான் இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மே பத்தாம் தேதிக்குள் நகரசபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா